மஞ்சள் அட்டைக்காரர் இருமிய விதம்

என்னை ஊரில் ‘சீக்கு மாமா’ என்பார்கள். வயது ஐம்பத்திரண்டு, மேடையில் சொல்வது நாற்பத்தைந்து. தொழில் நகைச்சுவை நாடகம், பெரும்பாலும் நோயாளி வேடம். விமான நிலையத்துக்குப் பின்தெருவில் மாடிவீட்டில் மனைவியோடு குடியிருக்கிறேன். அவள் ஒரு பள்ளியில் மதிய உணவு பரிமாறுகிறாள்.

பறவைக் காய்ச்சல் மனிதர்களுக்குள் பரவினால் என்ன செய்வது என்று, பல நாட்டு அதிகாரிகள் பார்வையிட, முந்தாநாள் விமான நிலையத்தில் ஒத்திகை நடந்தது. நோயாளியாக நடிக்க வந்த எங்களுக்கு மஞ்சள் அட்டை மாட்டி, “கோழிப்பண்ணையில வேலை பாக்குறேன், கோழியெல்லாம் செத்துப்போச்சு, மூச்சு முட்டுது” என்ற ஒரே வசனத்தைக் கொடுத்தார்கள். அதன் பிறகு பயணப்பையோடு ஒல்லியான ஒருவர் வந்து செவிலியரிடம் அச்சு அசலாக அதையே சொல்ல, செவிலியர், “அட்டைய எங்க தொலைச்சீங்க?” என்று கடிந்து, புதிதாக ஒன்று மாட்டி, என் பக்கத்தில் உட்காரவைத்தார்.

அதன் பிறகு அவர் இருமினார். காலமெல்லாம் இருமிச் சம்பாதித்த எனக்கு வயிறு எரிந்தது.

“தம்பி, கொஞ்சம் அடக்கி வாசிங்க. எங்க பொழப்பும் ஓடணும்ல?”

“அண்ணே, நிஜமாவே முடியலண்ணே.”

“அட, வசனத்துல இல்லாததையும் போடுறாரு பாருங்க!” என்று முதுகில் தட்டி, என் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, மீதியை நானே குடித்தேன். அதன் பிறகு அவர் சரிந்து விழ, பார்வையாளர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தூக்கிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு நான் வீடு வந்து, அவரைப் போலவே இருமிக் காட்டி, மனைவியைச் சிரிக்கவைத்தேன்.

இன்று காலை எனக்குக் காய்ச்சல். மனைவிக்கும் கை சுட்டது. அடுப்பு வெக்கை என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். அதன் பிறகு முழு உடல் கவசத்தில் வந்தவர்கள் என்னை இந்தக் கண்ணாடி அறைக்குக் கொண்டுவந்தார்கள். என் பக்கத்தில் இருமிய மஞ்சள் அட்டைக்காரர் இறந்துவிட்டார் என்று, இந்த வாக்குமூலத்தை எழுதும் காவல் ஆய்வாளர் சொல்லித்தான் அறிந்தேன்.

சுகாதாரத் துறையினர் மனைவிக்குப் போன் செய்தார்கள். நானும் பேசினேன். “இந்த இருமலையெல்லாம் மேடையோட வெச்சுக்குங்க. புள்ளைங்க வரிசையில நிக்குதுங்க” என்று சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டாள். பிறகு எடுக்கவே இல்லை.

“பள்ளிக்கு ஆள் அனுப்பியாச்சு” என்கிறார் ஆய்வாளர். எந்தப் பள்ளி என்று இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை. மேம்பாலத்துக்குக் கீழே, பச்சைக் கதவு. காக்கிச் சட்டையில் போகவும். கவச உடையைப் பார்த்தால் இன்னும் சிரிப்பாள். எழுதுவதை நிறுத்திவிட்டு உடனே போகவும்.

மேலே உள்ளதைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து படித்துக்காட்டக் கேட்டேன். அத்தனையும் உண்மை. எதுவும் நடிப்பு அல்ல.

(ஒப்பம்)