எண்ணெய் குடித்த மிதிபலகை

நாகர்கோவிலில் இருந்து சுசீந்திரம் போகிற பஸ்ஸில், எனக்கு முன் பெஞ்சில் இரண்டு பேர். காக்கிச் சட்டைக்காரர் ஒரு பெரிய வீட்டுக் கார் டிரைவர். பக்கத்தில் இருந்தவர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்.

“அண்ணே, எங்க காரு உருகுகு, கேட்டீரா?” என்றார் டிரைவர்.

“காரு எப்பிடிடே உருகும்?”

“ஏறுக மிதிபலகையில ரப்பரு ஒட்டியிருக்குல்லா, அதான். அது வெடிக்கப்பிடாதுன்னு தெனமும் தேங்காயெண்ணெ தேய்க்கச் சொன்னாரு மொதலாளி. தேய்ச்சேன். இப்பம் பலாச்சக்கப் பசை மாதிரி ஒட்டுகு. நேத்து மொதலாளியம்மாவுக்க பட்டுச்சேலை அதுல ஒட்டிக் கிழிஞ்சு போச்சு.”

“எண்ணெ பட்டா ரப்பரு கெட்டுப்போவும்டே! சோப்புத் தண்ணி தொட்டுத் தொடச்சாப் போரும்.”

“மொதலாளிட்டச் சொன்னேனே. ‘எண்ணெ பத்தாமத்தான் கெட்டுப்போச்சு. நீ காருக்குத் தேய்க்காம ஒனக்க தலையில தேய்ச்சிருக்க’ன்னு சொல்லுகாரு. ஒரு வாரத்துல சரியாவலன்னா வேலைக்கு வராண்டாம்னுட்டாரு. இனி தேய்க்கவா, நிறுத்தவா? எனக்கு ஒண்ணும் புரியல்ல.”

பால் வெட்டுகிறவர் டிரைவரின் தலையையே பார்த்தார். எண்ணெய் கண்டு பல நாளாகியிருக்க வேண்டும். முடி தேங்காய் நார் மாதிரி காய்ந்து நின்றது.

“ஒனக்க தலைக்காவது ஒரு சொட்டு வைக்கப்பிடாதாடே?”

“எப்பிடி அண்ணே வைப்பேன்? தெனமும் காலையில மொதலாளி வந்து தொட்டுப் பாக்காரு.”

“மிதிபலகையையா?”

“இல்ல அண்ணே, எனக்க தலைய.”