பொட்டக்காவின் பெயர்

ஹெலி வருகிறது. டப டப டப டப. காதுக்கு முன்னால் நெஞ்சுக்குக் கேட்கிறது.

புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறை. தொண்ணூற்றொன்று, ஐப்பசி. காலை வெயில். நயினாதீவுப் படகுக்குச் சனம் நெருக்கியடித்து நிற்கிறது. ஆமி புங்குடுதீவுக்குள் இறங்கிவிட்டது என்று ஒரு கதை. இன்னும் இறங்கவில்லை என்று இன்னொரு கதை. நான் ஓடுகிறேன். ஒரு கையில் அம்மாவின் பெட்டி. மறு கையில் என் புத்தகப் பை. அம்மா பின்னால், பெற்றோல் இல்லாமல் நிற்கும் ஒரு பஸ்ஸடியில். படகில் இடம் பிடிக்க என்னை முன்னே விட்டிருக்கிறார். இரண்டு பக்கமும் கடல். நடுவில் கல் அணை. ஒதுங்க ஒரு பற்றை கூட இல்லை.

"விழுந்து படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

யாரோ கத்துகிறார்கள். எல்லாருக்கும் சொன்னது எனக்கு உறைக்கவில்லை. ஓடுகிறேன். படகு கிட்ட வந்துவிட்டது.

"எடியே துடியாட்டம்! ஓடாதை! படடி கீழை!"

கால் நின்றது. இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் என்னை அப்படிக் கூப்பிடுவார். விழுந்தேன். நாடி கல்லில் அடிபட்டது. நாக்கில் இரத்தம். பட் பட் பட் பட் பட். தலைக்கு மேலால் சூடு போனது. கல் தெறித்தது. கடல் துள்ளி எழும்பி என் முதுகில் விழுந்தது. ஹெலி வளைந்து திரும்பியது. சத்தம் சிறுத்தது. கொஞ்ச நேரம் அலை மட்டும். பிறகு ஒவ்வொரு இடமாக அழுகை தொடங்கியது.

நான் அழவில்லை. திரும்பி ஓடினேன். எனக்கு அந்தக் குரலின் ஆள் வேண்டும்.

அது பொட்டக்கா.

எங்கள் வீடு ஊர்காவற்றுறைப் பக்கம். கடலுக்குக் கிட்ட. எங்களுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி. வேலியில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஓர் இடைவெளி. அதை எங்கள் பக்கத்தில் பொட்டு என்போம். வருசா வருசம் அப்பா வேலி அடைப்பார். பொட்டை அடைக்கமாட்டார். அதன் இரண்டு பக்கமும் கிடுகை இன்னும் இறுக்கிக் கட்டுவார், நுழைகிறவரின் சீலை கிழியாமல்.

அந்தப் பொட்டுக்குள்ளால் வருகிற அக்கா பொட்டக்கா. நான் கதைக்கத் தொடங்கிய வயதில் வைத்த பெயர். அவர் வேதக்காரர், மாதாவைக் கும்பிடுகிறவர். நெற்றியில் பொட்டு வைக்காதவர். கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தாராம்.

"வேதக்காரிக்குப் பொட்டக்காவோ? சாமி கேட்டா என்னைக் கோயிலுக்கை விடமாட்டார். உன்ரை மோளுக்கு வாயும் துடியாட்டம், காலும் துடியாட்டம்."

அம்மாவிடம் அவர் சொன்னது. ஓர் இடத்தில் நிற்காத பிள்ளைக்கு எங்கள் ஊரில் சொல்கிற சொல். அன்றிலிருந்து நான் துடியாட்டம். ஒழுங்கை முழுக்க அவரைப் பொட்டக்கா என்றது. மீன் வாங்க வருகிற வேதக்காரரும் பொட்டக்கா என்றார்கள்.

அவரின் கணவருக்கு ஊரில் கட்டையர் என்று பெயர். ஆள் என்னவோ நெடுவல். ஒரே மகன். தகப்பனும் மகனும் ஒரே வள்ளத்தில் போவார்கள். எண்பத்தாறு, மார்கழி. போனார்கள். கடலில் சூட்டுச் சத்தம் கேட்டது. வள்ளமும் வரவில்லை, பலகையும் வரவில்லை. அதற்குப் பிறகு பொட்டக்கா எங்கள் வீட்டுக் குசினியில்தான் கூடுதலாக இருந்தார். எங்களுக்கு விரத நாளான வெள்ளிக்கிழமைகளில் மீன் சட்டியோடு வரமாட்டார். வாசலில் நின்று, "இண்டைக்கு நான் சைவம், உள்ளை வரலாமோ?" என்பார். அவ்வளவு இழந்த பிறகும் அந்தப் பகிடியை விடவில்லை.

தொண்ணூறு, ஆவணி. கடலுக்கு அப்பால் காரைநகர்ப் பக்கமிருந்து ஷெல். முதலில் தூரத்தில் ஒரு "தும்". எண்ணத் தொடங்குவோம். பிறகு தலைக்கு மேல் சீலை கிழிகிற சத்தம். பொட்டுக்குள்ளால் ஒரு தலை.

"பங்கருக்கை போங்கோ! துடியாட்டம், வெளியிலை நிக்காதை!"

மூன்றாவது ஷெல் அவரின் வீட்டில். ஐந்தாவது எங்கள் கிணற்றடியில். அப்பா கிணற்றடியில் நின்றார். இதைப்பற்றி இவ்வளவுதான் எழுத ஏலும்.

பின்னேரம் ஊரே நடந்தது. நாங்கள் புங்குடுதீவில் இறுப்பிட்டிக்கு, மாமா வீட்டுக்கு. அவர் அதே தீவின் மறு கரையில் ஒரு மாதா கோயில் மண்டபத்துக்கு. சந்தியில் பிரிந்தோம். "பொட்டில்லாமல் எப்பிடியடி வருவன்?" என்று என் கன்னத்தைக் கிள்ளினார். ஒரு வருசத்துக்கு மேல் காணவில்லை. பெற்றோல் இல்லை, பஸ் இல்லை. நான் சைக்கிளில் இரண்டு தரம் போனேன். ஒரு தரம் அவர் நிவாரண வரிசைக்குப் போயிருந்தார். மற்றத் தரம் வழியில் ஹெலி.

பிறகு இந்த இறங்குதுறை.

பஸ்ஸுக்கு அந்தப் பக்கத்தில் அம்மா தப்பியிருந்தார், இந்தப் பக்கத்தில் பொட்டக்கா கிடந்தார். கண் திறந்திருந்தது. வெள்ளைச் சட்டை. பக்கத்தில் ஒரு மனிசி தலையில் அடித்துக்கொண்டிருந்தார். கோயில் மண்டபத்தில் கூட இருந்தவர்.

"பஸ்ஸுக்கு அடியிலைதானே கிடந்தவ. ஆரையோ கண்டிட்டு எழும்பிக் கத்தினவ. என்ன கத்தினவ எண்டும் விளங்கேல்லை."

எனக்கு விளங்கியது.

அன்று துறையில் செத்தவர்கள் ஐந்து பேர். நாலு பேருக்குச் சொந்தக்காரர் இருந்தார்கள். பொட்டக்காவை ஓர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினோம். நானும் அம்மாவும் அந்த மனிசியும். படகு போய்விட்டது. அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. கிட்ட இருந்த சின்னக் கோயிலுக்குப் போனோம். சாமியார் இல்லை. அவரும் சனத்தோடு போய்விட்டார். கோயில் மூப்பர் மட்டும் நின்றார். சாமியார் இல்லாத நேரம் செபம் சொல்லி அடக்கம் செய்கிறவர். அவசரத்திலும் மரியாதை குறையாத மனிசன்.

"நீர் ஆர்? சொந்தமோ?"

"பக்கத்து வீடு."

"எந்தப் பக்கத்து வீடு? இஞ்சையோ?"

"இல்லை. ஊரிலை. முந்தி."

"சரி பிள்ளை. பேர் என்ன?"

"பொட்டக்கா."

"உம்மடை பகிடிக்கு நேரமில்லை. ஞானஸ்நானப் பேர் என்ன?"

பள்ளிக்கூடத்து ஓஎல் சோதனையில் எட்டுப் பாடம் அதிசிறப்பு. ஐரோப்பாவின் நதிகளை மூலம் முதல் கழிமுகம் வரை சொல்வேன். பொட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த மனிசியின் பெயர் தெரியாது. மண்டபத்து மனிசியைப் பார்த்தேன்.

"எங்களுக்கும் பொட்டக்கா எண்டுதான் சொன்னவ. அப்பிடித்தான் கூப்பிடவேணும் எண்டு நிண்டவ. அடையாளக் காட்டு, நிவாரணக் காட்டு எல்லாம் அந்தப் பச்சைப் பையிலை. பை கடலுக்கை போட்டுது."

அம்மா நிலத்தில் இருந்தார். நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

"கட்டையர் 'ஞானம்' எண்டு கூப்பிட்டதாக்கும்... இல்லை, அது மச்சாள்காரி. பறுவதமோ... சீ, அது எங்கடை ஆக்களின்ரை பேர். ஐயோ பிள்ளை, நான் பேர் சொல்லாமல் 'இஞ்சேரும்' எண்டுதானே கூப்பிடுறனான்."

அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் தாய், தகப்பன், கட்டையர். தாய் தகப்பன் எப்போதோ செத்தவர்கள். கட்டையர் கடலில். மகன் அம்மா என்றவன். அவனும் கடலில்.

"பேரில்லாமல் ஏலாது," என்றார் மூப்பர். "பொட்டக்கா எண்டு ஆண்டவரிட்டைச் சொன்னா சைவப் பிரேதம் எண்டு திருப்பி அனுப்பிப்போடுவார்." சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்தார். "மரியாள் எண்டு சொல்லுவம். எல்லாப் பொம்பிளையளுக்கும் பொருந்தும்."

"வேண்டாம்," என்றேன். "அது வேறை ஆள். கொஞ்சம் பொறுங்கோ. ஊர்காவற்றுறை ஆக்கள் ஆரும் துறையிலை நிப்பினம். நான் ஓடிப்போய்க் கேட்டுக்கொண்டு வாறன்."

குழியை மூட எடுத்த மண்வெட்டி நின்றது. மூப்பர் தலையாட்டினார். கோயில் வாசலைத் தாண்டினேன். அப்போது கேட்டது. டப டப டப. தெற்கே. இரண்டு.

"கெதியா! கெதியா மூடுங்கோ! எல்லாரும் கோயிலுக்கை!"

என் கால் துறைக்குத்தான் இழுத்தது. நின்றேன். படு என்று சொல்ல ஆளில்லை. நானாகவே மதிலோடு விழுந்து படுத்தேன். அங்கே கிடந்து கேட்டேன். மூப்பர் ஒரே மூச்சில் செபம் சொல்லுகிறார். "உமது அடியாள் மரியாளுடைய ஆத்துமம்." பிறகு மண் விழுகிற சத்தம். பிறகு ஹெலி எல்லாவற்றையும் மூடியது.

ஹெலிகள் போன பிறகு ஒரு பனைமட்டையை வெட்டினேன். அடுப்புக்கரியால் பொட்டக்கா என்று எழுதி நட்டேன். ஐப்பசி மாதம். முதல் மழைக்கே கரி போயிருக்கும். எழுதும்போதே தெரியும்.

பின்னேரம் ஒரு மீன்பிடி வள்ளத்தில் நயினாதீவு. அங்கிருந்து பிறகு யாழ்ப்பாணம். இப்போது ஒரு பள்ளிக்கூட வகுப்பறையின் பாதியில் இருந்து எழுதுகிறேன். மறு பாதியில் வேறொரு குடும்பம். நடுவில் ஒரு சீலை. அதில் பொட்டு இல்லை. தீவுக்குப் போக ஏலாது. எங்கள் ஊர்ச் சனத்தைக் காணும் இடமெல்லாம் கேட்கிறேன். நிவாரண வரிசையில், கோயிலில், சந்தையில். கட்டையற்றை மனிசியின்ரை பேர் என்ன? எல்லாரும் ஒரே மறுமொழி. "பொட்டக்காவோ? ஐயோ, எங்கை இருக்கிறா?" ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பச் செத்தவீடு சொல்கிறேன். பெயர் மட்டும் வரவில்லை. இனி வரும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் கேட்பேன்.

இழந்தவை.

வீடு, இரண்டு. எங்களுடையது ஒன்று, அவருடையது ஒன்று.

கிணறு, ஒன்று.

வள்ளம், ஒன்று.

வேலி, ஒன்று. வேலி போனால் பொட்டும் இல்லை.

ஆட்கள், நாலு. அப்பா. கட்டையர். அவர்களின் மகன். பொட்டக்கா.

பெயர், இரண்டு. ஒன்று அவருடையது. எனக்கு அது தெரியாது. மற்றது துடியாட்டம். அது எனக்குத் தெரியும். கூப்பிட ஆளில்லை.