நரிக்கரட்டு விலாங்கும் குளவியும்

பரிசலில் ஏறுகிறவர்களில் பாதிப் பேருக்கு அதில் எப்படி உட்காருவது என்று தெரியாது. பயத்தில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்காருவார்கள். அப்போதுதான் பரிசல் சாயும். நடுவில் காலை மடக்கி உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது. பேராசிரியர் நரசிங்கராவ் முதல் நாளே யாரும் சொல்லாமல் நடுவில் உட்கார்ந்தார். அதனாலேயே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. அவர்மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே பகை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் ஐயா.

என் பெயர் பூவம்மாள். வீட்டுக்காரர் பெயர் திம்மப்பன். புருஷன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்பார்கள். நான் சொல்கிறேன். எழுத வேண்டிய இடத்தில் அதை யாரும் எழுதவில்லை.

நாங்கள் பயிர் வைத்த கொல்லை அணைத் தண்ணீருக்குள் போய்விட்டது. சுற்றியிருந்த காடு மேடெல்லாம் முழுகி, நரிக்கரடு என்கிற பாறைக் குன்று மட்டும் நடுத் தண்ணீரில் தீவாக நின்றது. நாங்கள் பரிசல் கட்டி மீன் பிடித்துப் பிழைத்தோம். கரட்டின் உச்சியில் பாறைக்குள் ஒரு சுனை உண்டு. அதில் விரல் பருமன்கூட இல்லாத ஒரு விலாங்கு இருப்பதை முதலில் கண்டவர் என் வீட்டுக்காரர். வெளுத்த ரோஜா நிறம். கண் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. ஆற்று விலாங்கைச் சின்ன வயதிலிருந்து பிடித்தவருக்கு இது வேறு என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. சுனைக்கு மேலே இருந்த இச்சி மரத்தில் கூடு கட்டும் குளவியும் வேறு. எங்கள் பக்கத்துக் குளவிக்கு வயிற்றில் மஞ்சள் பட்டை இருக்கும். இதற்கு வால் நுனியில் இரண்டு வெள்ளைக் கோடு. அதையும் அவர்தான் காட்டினார்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆவணியில், பெங்களூரிலிருந்து ஜூஜுவாடி வழியாகப் பேராசிரியர் ஜீப்பில் வந்தார். பூச்சி, மீன் என்று தேடிக்கொண்டிருந்தவருக்கு எங்களைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். சுனை விலாங்கைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"நோடு பூவம்மா, இங்க பாரு, இது ஒலகத்துலயே யாரும் பாக்காத ஜாதி. நம்ம மூணு பேருதான் பாத்திருக்கோம்" என்றார்.

நம்ம மூணு பேர் என்றார். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மூன்று மாதம் அவரிடம் வேலை செய்தோம். குளவியின் சிறகு நரம்பை லென்சில் எண்ணுவார். விலாங்கின் முதுகெலும்பை எண்ணுவார். ஒரு ஜாதியைப் பிரிக்க வேண்டுமானால் ஒற்றுமையைப் பார்க்காதே, வேற்றுமையைப் பார் என்பார். நான் குப்பிகளைக் கழுவி, ஸ்பிரிட் ஊற்றி, அவர் எழுதிக் கொடுத்த சீட்டை ஒட்டுவேன். பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பார். ஒரு குளவியை நசுக்கினால் அந்த வாடைக்கு மற்றதெல்லாம் கிளம்பி வரும் என்று சொன்னதும் அவர்தான்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை, குளவிக் கூட்டை முழுசாக எடுக்க வேண்டும் என்று சொன்னார். என் வீட்டுக்காரர் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு மரம் ஏறினார். கிளை வழுக்கியது. கூட்டோடு கீழே விழுந்தார். நானும் பேராசிரியரும் தள்ளி நின்றதால் தப்பினோம். வீட்டுக்காரரை இழுத்து வந்து கரையில் போட்டபோது முகம் அடையாளம் தெரியவில்லை. பேச்சு மட்டும் இருந்தது.

அன்றைக்குப் பேராசிரியரிடம் இரண்டு தகரக் கேன் நிறையத் தண்ணீரில் பதினோரு விலாங்கு உயிரோடு இருந்தது. பரிசலில் கேன் ஏறினால் படுத்த ஆள் ஏற முடியாது. ஆள் ஏறினால் கேன் கரட்டிலேயே நிற்கும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"தண்ணி சூடாச்சுன்னா எல்லாம் செத்துப்போகும் பூவம்மா. ஜீப்பு ரெடியா நிக்குது. என்னைக் கொண்டுபோய் விட்டுட்டு ஓடி வா. குளவிக் கடி ஒரு மணி நேரத்துல அடங்கிடும்" என்றார்.

என் வீட்டுக்காரர் என் சேலை முந்தியைப் பிடித்தார். "போவாதடி, என்னையும் ஏத்திக்க" என்றார்.

"இந்தா வந்துட்டன்" என்று முந்தியை விடுவித்துக்கொண்டு போனேன்.

துடுப்பு உன் கையில்தானே இருந்தது என்று நேற்று ஸ்டேஷனில் கேட்டீர்கள். இருந்தது. சொன்னவர் பேராசிரியர். படித்தவர் சொன்னால் எனக்கு என்ன தெரியும்? நான் திரும்பி வந்தபோது என் வீட்டுக்காரருக்கு உயிர் இல்லை. எறும்பு ஏறியிருந்தது.

மறு வாரம் பேராசிரியர் வந்தார். துக்கம் விசாரித்தார். மெதுவான குரலில், "எத்தனை எடத்துல கொட்டியிருந்துச்சும்மா?" என்று கேட்டார். குளிப்பாட்டும்போது நான் எண்ணியிருந்தேன். அறுபத்துமூன்று என்றேன். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டார். புது ஜாதிகளுக்குப் பெயர் வைப்பீர்களே, ஒன்றுக்காவது அவர் பெயரை வையுங்கள் என்று கேட்டேன். "அதுக்கெல்லாம் ஒரு மொறை இருக்கும்மா, பாக்கலாம்" என்றார்.

அடுத்த ஆடியில் இந்த ஜாதிகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் வந்தது. அவரே ஒரு பிரதி அனுப்பிவைத்தார், நல்ல மனசோடுதான். கிருஷ்ணகிரியில் மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் ஜெபசீலியிடம் கொண்டுபோனேன். அவள் இங்கிலீஷ் படித்துத் தமிழில் சொன்னாள். விலாங்குக்கு அவருடைய கல்லூரி முதல்வர் பெயர். குளவிக்கு அவருடைய மகள் பெயர். கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி இருந்தது. உள்ளூர்க் கூலியாள் ஒருவன் அறுபத்துமூன்று இடங்களில் கொட்டப்பட்டு மூன்று மணி நேரத்துக்குள் இறந்தான், இந்த ஜாதியின் விஷம் கவனிக்கத் தக்கது என்று.

"இன்னொரு தரம் படிக்கட்டுமாக்கா?" என்றாள் ஜெபசீலி. அவள் கண் கலங்கியிருந்தது.

"வேணாம், ஒரு தரம் கேட்டா போதும்" என்றேன். எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் அன்றைக்கே எதையாவது செய்து கெடுத்திருப்பேன்.

அந்த ஆடியில் இச்சி மரத்தில் குளவி புதுக் கூடு கட்டத் தொடங்கியிருந்தது. எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தது. வாரம் ஒரு தரம் போய்ப் பார்த்தேன். ஆவணியில் தேங்காய், புரட்டாசியில் பூசணி. ஐப்பசி முடியும்போது ஒரு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத அளவு. பிறகு ஜெபசீலியிடம் சொல்லி ஒரு கார்டு எழுதச் சொன்னேன். சுனையில் முட்டையோடு ஒரு விலாங்கு தெரிகிறது, குளவிக் கூடு மழையில் விழுந்துவிட்டது, பயமில்லாமல் வரலாம் என்று. அவளுக்கு எதுவும் தெரியாது. அவளை விசாரிக்க வேண்டாம்.

கார்த்திகையில் வந்தார். கேன் தூக்குவதற்கு ஊத்தங்கரைப் பக்கத்து ஆள் ஒருவனையும் கூட்டி வந்தார். அவன் பெயர் கோவிந்தப்பன் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பரிசலில் ஓரமாக உட்கார்ந்து வழியெல்லாம் விளிம்பைப் பிடித்துக்கொண்டே வந்தான்.

"எனக்கு நீச்சல் வராதுக்கா, பாத்து ஓட்டு" என்றான்.

அன்று விடியற்காலையிலேயே நான் ஒரு தரம் கரட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தேன். பனியில் குளவி அசையாது. கூடு இருந்த கிளையை அடியில் பாதி அறுத்து, தாம்புக் கயிறு கட்டி, கயிற்றைப் புதர் வழியாகக் கரை வரைக்கும் இழுத்துவிட்டிருந்தேன். கூட்டைச் சுனைப் பக்கத்திலிருந்து பார்த்தால் இலை மறைக்கும்.

அவர்கள் இரண்டு பேரும் சுனைக்கு ஏறினார்கள். பேராசிரியர் பாறையில் குப்புறப் படுத்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். "காணோமே பூவம்மா" என்று கத்தினார். "உள்ள தள்ளி இருக்குதுங்க, நல்லாப் பாருங்க" என்றேன். நனைத்த கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு கயிற்றை இழுத்தேன். இரண்டாவது இழுப்பில் கிளை முறிந்தது. பரிசலில் ஏறி நாற்பது முழம் தள்ளிப் போய் நிறுத்தினேன்.

சத்தத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பேராசிரியர் கரைக்கு உருண்டு வந்தார். கையை நீட்டினார். "பரிசலைக் கொண்டு வா தாயி" என்றார். அதுவரைக்கும் என்னைத் தாயி என்று அவர் கூப்பிட்டதில்லை. "ஒரு மணி நேரத்துல அடங்கிடுமுங்க, போயிட்டு வந்து ஏத்திக்கறன்" என்றேன். அவருக்குப் புரிந்தது. அது முகத்தில் தெரிந்தது. முகம் வீங்குவதற்கு முன்னாலேயே அதைப் பார்த்துவிட்டேன். அது எனக்குத் திருப்திதான். மறைக்கவில்லை.

கூலியாள் தண்ணீரில் குதித்துவிட்டான். நீச்சல் வராது என்றவன் எப்படியோ அடித்துப் பிடித்துப் பரிசலுக்கு வந்து விளிம்பைப் பிடித்தான். குளவி அவன் தலையைச் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் ஏறினால் பரிசல் கவிழ்ந்துவிடும் என்று நினைத்தேன். வரும்போது மூன்று பேர்தானே வந்தீர்கள் என்றால், ஆமாம், வந்தோம். துடுப்பால் அடிக்கவில்லை. அதை உங்கள் குறிப்பில் திருத்திக்கொள்ளுங்கள். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். எட்டு விரல் எடுத்தேன். மீதியை அவனே விட்டுவிட்டான். "அக்கா, எனக்கு ரெண்டு புள்ளைங்க" என்று சொன்னான்.

கரையேறி வீட்டுக்குப் போய் ராகிக் களி கிண்டிச் சாப்பிட்டேன். முந்தின வருஷம் நான் திரும்பிப் போகப் பிடித்த நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம் கழித்துத்தான் ஆட்களை அனுப்பினேன். அதில் ஒரு நிமிஷம் கூட்டவில்லை. யாருக்கும் நான் அநியாயம் செய்ததில்லை ஐயா. கணக்கு நேரானதோடு நானே ஸ்டேஷனுக்கு வந்தேன். யாரும் என்னைப் பிடித்துக்கொண்டு வரவில்லை.

எல்லாம் நான் செய்ததுதான். கைநாட்டு வைக்கிறேன், தாளைக் கொடுங்கள்.

அந்தக் கோவிந்தப்பன் பெண்சாதி காலையிலிருந்து வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள், கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள், என்னை ஒரு தரம் பார்க்க வேண்டும் என்கிறாள் என்று சொன்னீர்கள். வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள். அவள் என்னை எதற்குப் பார்க்க வேண்டும்? எனக்கும் அவளுக்கும் எந்தப் பகையும் இல்லையே.