ஏரி மட்டம் நாற்பத்தெட்டு

லேப்டாப் 'இப்போது அப்டேட் செய்யலாமா?' என்று கேட்டால் எல்லோரும் 'பிறகு' என்றுதானே அழுத்துவோம், ஐயா. நானும் இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். அந்தத் திங்கட்கிழமை காலை, ஏனோ, 'சரி' கொடுத்துவிட்டேன்.

எங்கள் பாமிர் மலைப்பக்கம் கரண்ட் காலையில் மூன்று மணி நேரம்தான். ஒன்பதுக்குப் போய்விடும். பாதி அப்டேட்டில் போனது. பேட்டரி செத்து ஒரு வருடமாகிறது. மறுநாள் கரண்ட் வந்தபோது வெறும் கறுப்புத் திரை.

மலை உச்சியில் பனி உருகித் தேங்கும் ஏரியின் நீர்மட்டம் நான் வேலை பார்க்கும் கண்காணிப்பு நிலையத்தின் அந்த ஒரு லேப்டாப்புக்குத்தான் வரும். அறுபதைத் தொட்டால் கீழே இருக்கும் சங்தாரா கிராமம் மேட்டுக்கு ஏறியாக வேண்டும். தினமும் நண்பகலில் அந்தக் கிராமத்து நிசோராமோ அக்கா என்னிடம் போனில் கேட்டு ஊருக்குச் சொல்வார்.

எனக்கு முன்பு இந்த வேலையில் இருந்தவரை, அப்டேட்டைத் தொட்டதற்காகவே மேலதிகாரி மஹ்மதலி வீட்டுக்கு அனுப்பியிருந்தார். அதனால் திங்களன்று அக்காவின் போன் வந்ததும் அப்டேட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. முந்தைய நாள் மட்டத்தையே சொன்னேன். நாற்பத்திரண்டு. செவ்வாயும் அதேதான்.

"நேத்தும் இதே நம்பர்தானே? ஏரியும் உன்னை மாதிரி சோம்பேறி ஆயிருச்சா தம்பி?"

நானும் சிரித்தேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பள்ளிக்கூடத்துக் கணினியில் மீட்பு மென்பொருளை ஒரு பென் டிரைவில் ஏற்றிவந்து, புதன் காலை செருகினேன். 'அப்டேட்டை நீக்கு.' கோடு நத்தைபோல் ஊர்ந்தது. எட்டே முக்காலுக்குப் பழைய திரை வந்துவிட்டது. ஒரு கோப்புகூட அழியவில்லை. சந்தோஷத்தில் அழுதேன், ஐயா.

திங்கள், செவ்வாய், புதன் என விட்டுப்போன மூன்று நாள் அளவுகள் தாமாகவே வந்து விழுந்தன. ஐம்பத்து மூன்று. அறுபத்திரண்டு. எழுபத்தொன்று.

நீங்களே யோசித்துப் பாருங்கள். நேற்று நாற்பத்திரண்டு, இன்று எழுபத்தொன்று என்றால் நடுவில் என்ன ஆயிற்று என்று கேட்பார்கள் அல்லவா? அதனால் படிப்படியாக ஏற்றுவது என்று முடிவு செய்தேன். புதன் நாற்பத்தெட்டு, வியாழன் ஐம்பத்தைந்து, வெள்ளி அறுபத்தொன்று. வெள்ளிக்கிழமை எல்லோரும் நிதானமாக மேலே ஏறியிருப்பார்கள்.

அக்கா வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னதாகவே கூப்பிட்டார்.

"தம்பி, இன்னிக்கு என் பொண்ணு கல்யாணம். ஆத்தங்கரைத் தோட்டத்துல நூறு பேருக்குப் பந்தி. ஏறணும்னா இப்பவே சொல்லிடு. புலாவ் அண்டாவைத் தூக்கிட்டு என்னால ஓட முடியாது."

"நாற்பத்தெட்டு, அக்கா."

"ஏறியிருக்கே?"

"கொஞ்சம்தான். பயப்படாதீங்க."

"நீ சொன்னா சரி. வேலை முடிஞ்சதும் சாப்பிட வந்துடு. வராம ஏமாத்தினே, காதைத் திருகிடுவேன்."

மூன்று மணிவரை போன் என் மடியிலேயே இருந்தது. சிக்னல் நன்றாகவே இருந்தது. இரண்டு தடவை அக்காவின் எண்ணை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

மூன்று மணிக்கு ஏரியின் பனிக்கரை உடைந்தது. நிலையத்து ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஆற்றங்கரைத் தோட்டத்து வாதுமை மரங்கள் வெள்ளத்தில் நின்ற நிலையிலேயே நகர்ந்து போயின. அதுவரை கேட்டுக்கொண்டிருந்த மேளம் நின்றுவிட்டது.

எழுபத்தொன்று என்று தெரிந்தேதான் நாற்பத்தெட்டு சொன்னேன். அதை எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள், ஐயா: கடைசி நிமிடம்வரை அந்த ஊரில் ஒருவர்கூடப் பயப்படவில்லை. அவர்கள் எல்லோருடைய பயத்தையும் மூன்று நாளாக நான் ஒருவனே சுமந்தேன்.