சுவருக்குப் பின்னால் ஒரு படிக்கட்டு

விழாவுக்குத் தலைமை தாங்கும் கவுண்டி நிர்வாகத் தலைவர் வின்ஃபீல்ட் ஸ்ட்ராட்டன் அவர்களே! வரி செலுத்தி இந்தக் கற்கட்டடத்தை வாழவைத்த பெரியோர்களே! பீக்கன் மர நிழலில் விசிறியும் கையுமாய் வீற்றிருக்கும் அன்னையரே! முன்வரிசையில் முதல் நாற்காலி பெற்ற என் அத்தை ஆர்டெல்லா டிப்ஸ் அவர்களே! டெல்மோர் கவுண்டி என்னும் இந்த அமெரிக்க மாவட்டத்தின் கட்டட ஆய்வாளன் ரோஸ்கோ டிப்ஸ் வணங்குகிறேன்.

புதுப்பித்த நீதிமன்றத்தின் புகழ் பாடச் சொன்னார்கள், பாடுகிறேன். செம்மணற்கல் சுவர்கள் செம்மாந்து நிற்கின்றன. மணிக்கூண்டு மறுபடியும் மணி சொல்கிறது. 'கட்டிய நாளில் இருந்தபடியே' என்று செப்புப் பலகையும் பதித்தாயிற்று. இருந்தபடியேவா? கிழக்குச் சுவரில் ஒரு குறுகிய கதவு இருந்ததே, எங்கே அது? வெள்ளையரோடு அமரக் கூடாதென்று கறுப்பர்களுக்கு ஒதுக்கிய தனி மாடத்துக்கு, அந்தக் கதவு வழியே ஏறிய படிக்கட்டு இருந்ததே, எங்கே அது?

யாரது? "விருந்துக் கறி ஆறுது ரோஸ்கோ, சீக்கிரம் முடிப்பா" என்பது? ஆறட்டும் ஐயா! அறுபது ஆண்டாய் ஆறாத ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

செய்யாத திருட்டுக்காக என் தந்தை லூஷியஸ் இங்கே விசாரிக்கப்பட்டார். திருட்டு நடந்த நேரத்தில் அவர் தம் தங்கையோடு பருத்திக் காட்டில் இருந்தார். அதைச் சொல்ல வந்த ஒரே சாட்சி அந்தத் தங்கை, இதோ இந்த ஆர்டெல்லா அத்தை, மாடத்தில் காத்திருந்தார். பெயரை அழைத்தார்கள். மாடத்திலிருந்து மன்றத்துக்குள் இறங்க வழியே வைக்கவில்லை, கட்டியவர்கள்! தெருவில் இறங்கி, கட்டடத்தைச் சுற்றி, முன்வாசலுக்கு ஓடினார்.

"எங்க ஓடுற? இந்த வாசல் உனக்கில்ல" என்றான் காவலன்.

"என்னைத்தாங்க கூப்பிட்டாங்க! எங்கண்ணன் கேஸுங்க!"

"கூப்பிட்டா? பின்பக்கம் போ!"

பின்வாசலில் அவர் மூச்சிரைக்க நுழைந்தபோது, 'சாட்சி வரவில்லை' என்று முடித்துவிட்டிருந்தார்கள். தந்தைக்கு ஒன்பது ஆண்டு சிறை. தீர்ப்பை வாசித்தவர் நீதிபதி. எழுதியது அந்தப் படிக்கட்டு!

இன்று காலை தலைவர் என் தோளில் கைபோட்டார். "ஒரு சுவர்தானே ரோஸ்கோ, பூசி அடைச்சாச்சு. யாரு மனசும் நோக வேணாம், கையெழுத்தப் போட்டுடு."

இங்கே வந்து அமர்ந்ததும் அத்தை சொன்னார்: "முன்னாடி சேர் போட்டிருக்காங்கடா, சரி. நான் ஏறின படி எங்கடா? நாளைக்கு நான் சொன்னா, கிழவி கதை கட்டுறான்னுல்ல சொல்லுவாங்க?"

யார் மனம் நோகக் கூடாது, தலைவரே? ஏறியவர் மனமா? ஏறவைத்தவர் மனமா?

புதுப்பிக்க அங்கீகரித்த வரைபடத்தில் படிக்கட்டு இருக்கிறது, கட்டடத்தில் இல்லை. வரைபடத்தை மீறிய கட்டடத்துக்கு ஆய்வாளன் ஒப்பமிடக் கூடாது. ஒப்பமில்லாத கட்டடத்தைத் திறக்கக் கூடாது. விதி உங்களுடையது, வாழ்நாளில் ஒருமுறையாவது அது எங்கள் பக்கம் நிற்கட்டும்! சுவரை உடையுங்கள். உடைக்கும்வரை என் ஒப்பம் கிடையாது. இன்று திறப்பும் கிடையாது.

பொறுமையாய்க் கேட்டவர்களுக்கு நன்றி. பொறுக்காமல் எழுந்து போகிறவர்களுக்கும் நன்றி, நீங்களும் கேட்டுவிட்டீர்கள். வணக்கம்.