கொள்ளிடக்கரையில் நாலாவது எச்சரிக்கை

தஞ்சாவூர்ப் பக்கம் நான் மண்சரிவு அபாயம் கணிக்கிறவன் என்று சொன்னால் சிரிக்காதவர்கள் குறைவு. "மலையே இல்லாத ஊர்ல ஏது சார் சரிவு?" என்பார்கள். ஆற்றங்கரையும் சரியும் என்று விளக்கி விளக்கித் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

கொள்ளிடக்கரையை ஒட்டிப் பதினொரு வீடுகள். அந்த இடத்தை என் வரைபடத்தில் சிவப்பில் காட்டியிருந்தேன். கரை எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க வரிசையாக முளை அடித்து வைத்தால், அதில் ஆடு கட்டினார்கள். ஆடு இழுத்துச் சாய்த்த முளையை வைத்துக்கொண்டு எதை அளப்பது? கேட்டதற்கு அங்கே குடியிருந்த ஐயாவு, "ஆடு முளையத் தின்னுடாது சார்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்று முறை எச்சரித்தேன்; கேட்காததால் போலீசை வைத்துத்தான் அவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினேன். மூன்று முறையும் கரை அப்படியே நின்றது. கடைசி முறை அவர்களுக்கு நடவு வேலை வேறு கெட்டது. அதற்குப் பிறகு டீக்கடையில் ஐயாவு, "மழை விடணுமா? சேரன் சாரக் கூப்பிடுங்க. நம்மள வெளியேத்துவாரு, வெயில் அடிச்சிடும்" என்பார். கடையே சிரிக்கும். மேலதிகாரிகளும் சிவப்பை மஞ்சளாக மாற்றச் சொல்லி அறிக்கையைத் திருப்பி அனுப்பினார்கள். ஒன்பது வருட உழைப்பு, விசாரணை அதிகாரி ஐயா.

போன கார்த்திகையில் ஆற்றில் தண்ணீர் கூடுதலாக வந்துகொண்டிருந்தது. மத்தியானம் போய்ப் பார்த்தேன். கரை நெடுக விரிசல்; கையை விட்டால் முழங்கை வரை இறங்கியது. கரையடியில் கசிவு கலங்கலாக வந்தது. கலங்கல் வந்தால் சில மணி நேரம்தான் தாங்கும்.

ஐயாவுவின் மனைவி பொன்னுத்தாய் என்னைத் தேடி வந்தார். "சார், இந்தத் தடவ எனக்கே பயமா இருக்கு. புள்ளைங்கள அழச்சுக்கிட்டுப் போயிடட்டுமா?"

ஒன்பது வருடத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனால் ஆளில்லாத கரை சரிந்தால் அது செய்தியே இல்லை. என் வரைபடத்தை யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

"ஒண்ணும் ஆகாதும்மா. வீட்டுலயே இருங்க" என்றேன்.

அவர் பதினொரு வீட்டுக்கும் போய் அதைச் சொன்னார். நாலரை மணிக்குக் கரை போனது. பதினேழு பேர், அதில் பொன்னுத்தாயும் பிள்ளைகளும். டீக்கடையில் இருந்ததால் ஐயாவு பிழைத்தார்.

வரைபடத்தை இப்போது எல்லா அலுவலகத்திலும் மாட்டியிருக்கிறார்கள்.

கரையை நான் வெட்டவில்லை, ஐயா. தெரிந்தேதான் பொய் சொன்னேன், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒருநாளும் என் பேச்சைக் கேட்காதவர்கள், அன்றைக்கு மட்டும் கேட்பார்கள் என்று நான் எப்படிக் கணிப்பது?