ஃபில்டரைக் கொஞ்சம் இறுக்கினேன்

டீ நன்றாகத்தான் இருக்கிறது, சர்க்கரை மட்டும் கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை. நீங்களும் உட்காருங்கள் ஐயா, சொல்கிறேன்.

செத்துப்போனவர் என் தங்கை புருஷன். எங்கள் கம்பெனிக்கு முகம் அவர், கை நான். கிடங்கில் சரக்கு வண்டி பின்னால் வரும்போது ஆள் நின்றால் அது தானாக நிற்க வேண்டும். அதற்கான சென்சாரைச் செய்தவன் நான். காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, ஆள்மேல் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பிடிக்கும். மற்ற இரைச்சலைத் தள்ளிவிட்டு அந்த ஒலியை மட்டும் உள்ளே விடுவது ஃபில்டர். சூடேறினால் சென்சாரின் சுருதி லேசாக இறங்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு கோடை முழுக்க மொட்டைமாடியில் காய்ந்தேன். இறங்கிய ஒலியும் உள்ளே வரட்டும் என்றுதான் ஃபில்டரின் வாசலைக் கொஞ்சம் அகலமாகவே வைத்திருந்தேன்.

அறிமுகக் கூட்டத்தில் மச்சான் மைக்கைப் பிடித்து, ஃபில்டர் தன் மூளையில் உதித்தது என்றார். "நம்ம மச்சானும் கூடமாட இருந்து சால்டரிங் பண்ணிக் குடுத்தாரு" என்று என்னைக் கைகாட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். முன்வரிசையில் என் தங்கை கை தட்டினாள். அவளுக்கு எல்லாம் தெரியும், ஐயா. நானும் சிரித்து வைத்தேன்.

பிறகு அவராகவே கேபிளை மாற்றினார். நான் தேர்ந்தெடுத்தது உள்ளே கம்பிவலை சுற்றிய ஷீல்டு கேபிள். மோட்டார் பக்கத்தில் போனாலும் இரைச்சலை அண்டவிடாது. அவர் வாங்கியது சாதா கேபிள். ஒல்லியாக, பார்க்க அழகாக இருந்ததாம். மோட்டார் இரைச்சலை எதிரொலி என்று எடுத்துக்கொண்டு, வண்டி ஆளே இல்லாத இடத்திலெல்லாம் நின்று தொலைத்தது. வாங்க வருகிறவர்களுக்கு ஓட்டிக்காட்ட வேண்டிய நேரத்தில் என்னிடம் ஓடி வந்தார்.

"மானம் போயிடும் மச்சான். ஏதாவது பண்ணுங்க."

கேபிளை மாற்றச் சொல்லியிருக்கலாம். "ஃபில்டரக் கொஞ்சம் இறுக்கினா சரியாயிடும்" என்றேன். அது பொய்யில்லை. இறுக்கினேன், இரைச்சல் அடங்கியது. காலைக் குளிரில் வண்டி சமத்தாக நின்றது. வாசல் எதற்கு அகலமாக இருந்தது என்று அவர் கேட்கவில்லை. அவர் மூளையில் உதித்ததாயிற்றே, கேட்பானேன்.

ஓட்டிக்காட்டும்போது அவருக்கு ஒரு வழக்கம். சுவரைப் பார்த்து, வண்டிக்கு முதுகைக் காட்டி, காபி குடித்துக்கொண்டு நிற்பார். பிரேக்கைத் தொடக் கூடாது என்று டிரைவருக்குக் கண்டிப்பு. வாங்குகிறவர்கள் வந்த அன்று நல்ல மத்தியானம். வெயிலில் நின்ற வண்டியின் சென்சாரைத் தொட்டேன். சுட்டது.

"எல்லாம் பாத்துட்டீங்கல்ல மச்சான்?"

"பாத்துட்டேன்" என்றேன்.

அவர் திரும்பி நின்றார். வண்டி நிற்கவில்லை.

டிரைவரை விட்டுவிடுங்கள், பாவம், பிள்ளைகுட்டிக்காரர். ஆஸ்பத்திரி வாசலில் தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "உன்னை நம்பித்தானேண்ணா திரும்பி நின்னாரு" என்றாள். நம்பியவன் நானல்லவா? நம்ப வைத்துக் கழுத்தை அறுத்தவர் அவரல்லவா? நான் யாருக்கும் துரோகம் செய்யவில்லை.

கொன்றது நான்தான். தெரிந்தேதான் செய்தேன். நான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிய வாக்குமூலத்தை இப்போது வாசித்தீர்களே, அதில் ஒரே ஒரு தப்பு. 'மச்சான் வடிவமைத்த ஃபில்டரை மாற்றினேன்' என்று இருக்கிறது. அதை அடித்து, என் ஃபில்டர் என்று போடுங்கள். உடனே கையெழுத்துப் போடுகிறேன்.